ஜன்னல் உத்தியோகம்

பதவி உயர்வு என்று இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னதும், தான் என்ன தப்பு செய்துவிட்டோம் என்றுதான் அவள் முதலில் யோசித்தாள்.

"என்னம்மா அப்படி முழிக்கறே? நல்ல சேதிதான் சொல்றேன். ஜன்னல் அண்ணன் இந்த மாசத்தோட ரிட்டயர் ஆகறார். அவர் இடத்துக்கு உன்னைத்தான் மேல சொல்லியிருக்கேன்."

அவள் சிரித்தாள். நல்ல சேதி சொல்கிறவர்களைப் பார்த்து உடனே சிரிக்க வேண்டும், பல் கொஞ்சம்தான் தெரிய வேண்டும், அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நாம் முடித்துவிடக் கூடாது. மற்றவர்களுக்கு இதெல்லாம் குழந்தையிலேயே வந்துவிடுகிறது. அவள் கண்ணாடி முன் நின்று கற்றுக்கொண்டாள். "ரொம்ப நன்றி சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், வெயிலோ மழையோ எட்டிப் பார்க்காத மூலையில் இருந்தது அவர்கள் கூடம். மேலே தியேட்டர்களில் அறுவை முடிந்ததும் கத்தரி, இடுக்கி, கொக்கி எல்லாம் ரத்தமும் சதையுமாகக் கீழே இறங்கிவரும். ஒரு பக்கம் கழுவுவார்கள். கழுவியது மேஜைப் பக்கம் வரும். மேஜைக்காரர்கள் ஒவ்வொன்றையும் விளக்கின் கீழ் பிடித்து, கீல் தளர்ந்திருக்கிறதா, பல் தேய்ந்திருக்கிறதா, இடுக்கில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, ட்ரேயில் அடுக்கி, துணியில் கட்டி, நீராவி இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். கிருமியெல்லாம் செத்து, சூடு ஆறி வெளியே வந்த ட்ரேக்கள் அலமாரியில் ஏறும். அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். மேல்மாடி ஆட்கள் அங்கே வந்துதான் ட்ரே வாங்கிக்கொண்டு போவார்கள். ஜன்னல் மேடையில் இரண்டு தொலைபேசிகள் மாற்றி மாற்றி அலறிக்கொண்டிருக்கும்.

அவள் மேஜைக்காரி. அந்த மேஜையில் உட்கார்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. அவள் வேகமானவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எதிர் மேஜைக்காரி இரண்டு ட்ரே கட்டும் நேரத்தில் அவள் ஒன்றுதான் கட்டுவாள். ஆனால் அவள் கட்டியது எதுவும் மேலேயிருந்து திட்டோடு திரும்பி வந்ததில்லை. இயந்திரத்தின் ஒரே சீரான இரைச்சல், மாறாத வெளிச்சம், முகமூடி போட்ட முகங்கள். வாய் தெரியாததால் அங்கே யாரும் யாருடைய முகத்தையும் படிக்க வேண்டியதில்லை. அவளுக்கு அது போதும். அதற்கு மேல் எதையும் அவள் வேலையிடத்தில் எதிர்பார்த்ததில்லை.

எதிர் மேஜைக்காரி அவளுக்கு 'மியூட்டு' என்று பெயர் வைத்திருந்தாள். "ஏ மியூட்டு, ரிமோட்டை எங்கேடி வெச்சே? ஒரு நாளாவது சத்தத்தைக் கூட்டேன்" என்பாள். கூடமே சிரிக்கும். அவளும் முகமூடிக்குள் சிரிப்பாள். அது எவ்வளவு நீளம் இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

இந்த மேஜைக்கு வந்து சேருவதற்குள் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. படிப்பு நன்றாகத்தான் இருந்தது. நேர்காணல் என்றால்தான் கதை கந்தலாகிவிடும். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று முதல் முறை கேட்டபோது, பிறந்த நேரத்திலிருந்து ஆரம்பித்தாள். எதிரே இருந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கூடப்பிறந்த அண்ணன் உட்கார வைத்துப் பதில்களை மனப்பாடம் செய்யவைத்தான். மனப்பாடத்தில் வேலை கிடைத்தது, கிடைத்த வேலையில்தான் நிற்க முடியவில்லை. ஒரு அலுவலகத்தில் அவள் யாரோடும் ஒட்டுவதில்லை என்றார்கள். இன்னொன்றில், மேலாளர் "இந்த ரிப்போர்ட் எப்படி இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவள் எப்படி இருந்தது என்று சொன்னாள். அந்த வாரமே வேலை போயிற்று. கடைசியாக, வரிசை வரிசையாக எல்லாரும் தொலைபேசியில் பேசிக்கொண்டேயிருக்கும் ஒரு பெரிய அறை. ஒரு நாள் காலையில் அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்றவளுக்குக் கால் நகரவில்லை, பேச்சும் வரவில்லை. காவலாளி அண்ணனுக்குப் போன் செய்து அழைத்துப் போகச் சொன்னார்.

அப்போதுதான் ஒரு டாக்டரிடம் போனார்கள். நிறையக் கேட்டார், நிறைய நேரம் கேட்டார். கடைசியில் இது ஆட்டிசம் என்றார்.

"அது குழந்தைங்களுக்கு வர்றது இல்லையா டாக்டர்?" என்றாள் அம்மா.

"அந்தக் குழந்தைங்க வளர மாட்டாங்களாம்மா?" என்றார் டாக்டர்.

அவளுக்கு அன்று ஏதோ ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. வீட்டில் மற்ற இருவருக்கும் பாரம் ஏறியது. திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும்" என்றாள். அண்ணன், "வெளிய தெரிஞ்சா எவன் வேலை கொடுப்பான்? ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடாதே" என்றான். அவள் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரி வேலைக்கு மனப்பாடப் பதில்களோடு போய்ச் சேர்ந்தாள்.

இப்போது ஜன்னல்.

மறுநாளே இன்சார்ஜிடம் போய், "நான் மேஜையிலயே இருந்துக்கறேன் சிஸ்டர். ஜன்னல் எனக்கு வேணாம்" என்றாள். வீட்டில் ஒத்திகை பார்த்த வாக்கியம் அது.

இன்சார்ஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா, இந்த அடக்கம்தான் உன்கிட்ட எனக்குப் பிடிச்சதே. மத்தவளா இருந்தா நேத்தே இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பா."

"இல்ல சிஸ்டர், நிஜமாவே..."

"எல்லாரும் முதல்ல பயப்படத்தான் செய்வாங்க. போகப் போகச் சரியாயிடும். போ."

வேண்டாம் என்பதை இதைவிட நேராக எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. காரணம் சொன்னால் புரியும். காரணத்தைத்தான் சொல்லக் கூடாது.

வீட்டில் அம்மா அதற்குள் எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லி முடித்திருந்தாள். அண்ணன் தலையில் செல்லமாகக் குட்டினான். "என் தங்கச்சி ஆபீசராயிட்டா! இனிமே கீழ குனிஞ்சு கத்தரிக்கோலைத் தேய்க்க வேணாம்."

"நான் தேய்க்கல. அது கழுவுற பக்கம்."

"சரி தாயே, ஏதோ ஒண்ணு."

"எனக்கு மேஜை பிடிச்சிருக்குண்ணா."

"பிடிச்சதையே பண்ணிக்கிட்டு இருந்தா எப்ப மேல வர்றது? இவ்வளவு நாள் சமாளிச்சுட்டே. இதையும் சமாளிப்பே" என்றான். சமாளித்தல் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. அவள் தினமும் வேலை முடிந்து வந்து, அறைக் கதவைச் சாத்தி, திரையை இழுத்து, அடித்துப் போட்டாற்போல் தரையில் கிடப்பதை அவன் 'ரெஸ்ட் எடுக்கறா' என்றுதான் சொல்வான்.

ஜன்னல் அண்ணன் நல்லவர். கிளம்புவதற்கு முன் பக்கத்தில் நிற்கவைத்து எல்லாம் காட்டினார். எந்த அலமாரியில் எது, எந்த தியேட்டருக்கு எந்த எண். அதெல்லாம் அவளுக்கு ஒரு பார்வையிலேயே பிடிபட்டது. பிறகு போன் அடித்தது. யாரோ கத்தினார்கள். அவர் "ஆகட்டும் ஆகட்டும்" என்று வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எமர்ஜென்சின்னு சொன்னாங்களே அண்ணா?"

"எல்லாரும் எமர்ஜென்சின்னுதான் சொல்வாங்க. சாதாரணமா வேணும்னு சொன்னா நாம கொடுக்க மாட்டோம்னு நினைப்பு. கண்டுக்காதே."

"அப்ப நிஜமான எமர்ஜென்சி எப்படித் தெரியும்?"

"குரல்லயே தெரிஞ்சுடும்மா."

"குரல்ல என்ன இருக்கும்?"

அவர் யோசித்தார். மனிதர் அதுவரை அதைப் பற்றி யோசித்ததேயில்லை போல. தாடையைச் சொறிந்துகொண்டார். "என்ன இருக்கும்னா... அதை எப்படிச் சொல்றது. கேட்டா தெரியும். உனக்கும் தானா வந்துடும்."

தானாக வருவது எதுவும் தனக்கு வந்ததில்லை என்று அவள் சொல்லவில்லை.

அவர் போனார். அவள் மேஜையைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பெண் வாய் ஓயாமல் பேசினாள். எதிர் மேஜைக்காரிக்கு ஒரே கொண்டாட்டம்.

ஜன்னலில் முதல் நாளே அவளுக்குப் புரிந்துவிட்டது, கூடத்தின் அமைதி முழுக்க இந்த ஒரு இடத்தைக் காவல் வைத்துத்தான் கிடைத்தது என்று. இரண்டு தொலைபேசியும் ஒரே சமயம் அடிக்கும். ஜன்னலில் ஒருவர் மேடையைத் தட்டிக்கொண்டிருப்பார். "எமர்ஜென்சி!" "டாக்டர் தொண்டை கிழியக் கத்தறார்!" "உசுரு போற விஷயம்!" எல்லாக் குரலும் அவள் காதில் ஒரே கனத்தில் விழுந்தன. ஒருவர் சிரித்துக்கொண்டே உயிர் போகிறது என்றார். ஒருவர் அழாத குறையாகக் கேட்டார், கேட்டது மறுநாளைக்கு.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். எல்லாரும் அவசரம் என்றால் எல்லாம் சமம். முதலில் கேட்டவருக்கு முதலில். யார் கத்தினாலும், யார் கெஞ்சினாலும் வரிசைதான். ஆச்சரியம், அது வேலை செய்தது. "பரவாயில்லையே, இந்த அம்மாகிட்ட ஜம்பம் சாயாது. ஆனா நியாயமா இருக்கு" என்று வார்டு உதவியாளர்கள் பேசிக்கொண்டார்கள். இன்சார்ஜ் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தொட்ட இடம் வெகுநேரம் எரிந்தது. வீட்டுக்குப் போனால் சாப்பிடக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. அம்மா பிசைந்து வைத்த தட்டு அப்படியே காய்ந்தது. "புது வேலை, அப்படித்தான் இருக்கும்" என்றாள் அம்மா, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

அது நடந்த நாளில் நீராவி இயந்திரம் ஒன்று பழுதாகிக் கிடந்தது. அலமாரியில் ட்ரேக்கள் குறைந்துகொண்டே வந்தன. வயிற்று அறுவைக்கான பெரிய ட்ரே ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அடுத்தது இயந்திரத்துக்குள் வெந்துகொண்டிருந்தது.

ஒரு உதவியாளர் ஓடிவந்து மேடையைத் தட்டினார். "வயித்து ட்ரே! சீக்கிரம்! அங்க டாக்டர் என்னைக் கடிச்சுத் துப்பிடுவார்!" அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் சக்கர வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்.

அவர் லிப்டுக்குள் நுழைவதற்குள் போன் அடித்தது. மூன்றாம் தியேட்டர் சிஸ்டர். அவர் எப்போதும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார், அவசரம் என்று சொன்னதேயில்லை.

"அம்மா, ஒரு வயித்து ட்ரே கொஞ்சம் சீக்கிரமாக் கிடைக்குமா?"

"இருந்த ஒண்ணு இப்பதான் போச்சு சிஸ்டர். அடுத்தது மெஷின்ல இருக்கு. வந்ததும் உங்களுக்குத்தான்."

"கொஞ்சம் பாருங்களேன்."

"பாக்கறேன் சிஸ்டர்."

அவள் பார்த்தாள். எழுந்து போய் இயந்திரத்தைப் பார்த்தாள். இன்னும் முடியவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து அடுத்த போனை எடுத்தாள். பார்க்கச் சொன்னார்கள், பார்த்தாயிற்று.

சற்று நேரத்தில் மூன்றாம் தியேட்டர் சிஸ்டரே படியிறங்கி ஓடிவந்தார். லிப்டுக்குக்கூட நிற்கவில்லை. கையுறையில் ரத்தம். "எங்க? எங்க ட்ரே?" அவர்களுடைய ட்ரேயை யாரோ தட்டிக் கீழே தள்ளிவிட்டார்கள். தரையில் விழுந்த கருவி உதவாது. அங்கே ஆபரேஷன் மேஜை மேல் வயிறு திறந்தபடி ஒரு மனிதர் கிடந்தார். உள்ளே ரத்தம் நிற்கவில்லை.

முன்னால் போன ட்ரேயைத் தேடி ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அது இரண்டாம் தியேட்டர் வாசலில், கட்டுப் பிரிக்காமல், வண்டியில் சும்மா கிடந்தது. அந்தத் தியேட்டருக்கான நோயாளி இன்னும் வார்டிலிருந்தே கிளம்பவில்லை.

மூன்றாம் தியேட்டரில் இருந்தவர் பிழைத்துக்கொண்டார். அவள் அன்று மாலைவரை அதைப் பலரிடம் பலமுறை கேட்டுக்கொண்டாள். பிழைத்துக்கொண்டார் என்றார்கள். திரும்பத் திரும்பக் கேட்டதால் எரிச்சலோடு சொன்னார்கள்.

"நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வா" என்றார் இன்சார்ஜ்.

வீட்டில் அண்ணன் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். "இது ஒண்ணும் பெரிய விஷயமில்லை. கவனக்குறைவு, தெரியாம நடந்துடுச்சு, இனிமே நடக்காதுன்னு கையெடுத்துக் கும்பிடு. ஒரு எச்சரிக்கை கொடுத்து விட்டுடுவாங்க."

"விட்டா மறுபடி ஜன்னல்ல உக்காரணும்."

"உக்காரு! என்ன இப்ப?"

"மறுபடி அப்படித்தான் நடக்கும். எனக்குக் குரல்ல தெரியாது. அடுத்த தடவை அந்த ஆள் செத்துடுவார்."

அண்ணன் நின்றான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுக்காக? அதைப் போய்ச் சொல்லப் போறியா? சொன்னா ஜன்னல் மட்டும் போகும்னு நினைக்கறியா? ஆஸ்பத்திரிம்மா அது. இப்படிப்பட்டவளையா கத்தி, கத்தரியை எல்லாம் நம்பிக் கொடுத்தோம்னு வாசல்லயே நிறுத்திடுவாங்க. மேஜையும் போயிடும்."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. வாயை மூடிக்கொண்டால் ஜன்னல், திறந்தால் வாசல். நடுவில் இருக்கும் மேஜைக்கு யாரும் வழி சொல்லவில்லை.

காலையில் இன்சார்ஜின் அறையில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என் முகத்தைப் பாரு" என்றார் இன்சார்ஜ். "உன்னை எவ்வளவு நம்பினேன்? பெரிய டாக்டர் முன்னாடி நேத்து என் மானமே போச்சு. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. அந்த சிஸ்டர் குரலைக் கேட்டுமா உனக்குத் தெரியல? அவங்க என்னிக்காவது அப்படி நடுங்கிப் பேசிக் கேட்டிருக்கியா? கல்லு மனசா உனக்கு?"

கவனக்குறைவு, மன்னிச்சுக்கங்க, இனிமே நடக்காது. அண்ணன் சொல்லிக்கொடுத்த மூன்றும் நாக்கின் நுனியில் தயாராக நின்றன.

"நடுங்கினதே எனக்குத் தெரியல சிஸ்டர்" என்றாள். "நான் வார்த்தையைத்தான் கேட்டேன். கொஞ்சம் சீக்கிரம்னு சொன்னாங்க. மத்தவங்க எல்லாரும் எமர்ஜென்சின்னு சொன்னாங்க. எனக்குக் குரல்ல தெரியாது. முகத்துலயும் தெரியாது. எனக்கு ஆட்டிசம். டாக்டர் சொல்லியிருக்கார். வேலைக்குச் சேரும்போது நான் சொல்லல."

இன்சார்ஜ் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆட்டிசம்னா... என் ஓர்ப்படி பையனுக்கு இருக்கு" என்றார் இன்சார்ஜ் மெல்ல. "அவன் பேசவே மாட்டான். நீ நல்லாத்தானே பேசறே?"

"கஷ்டப்பட்டுப் பேசறேன் சிஸ்டர்."

இன்சார்ஜ் நாற்காலியில் சாய்ந்தார். திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த காற்றெல்லாம் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. பிறகு, அண்ணன் பயந்த கேள்வியையே கேட்டார்.

"அப்ப இத்தனை வருஷம் மேஜையில நீ கட்டி அனுப்பினது? அதையெல்லாம் எப்படி நம்பறது?"

"அதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"நீ சொல்றே."

"நேத்து வரைக்கும் நீங்களும் அதைத்தான் சொன்னீங்க சிஸ்டர். அதுக்காகத்தான் ஜன்னலே கொடுத்தீங்க."

இன்சார்ஜ் முன்னால் கிடந்த பதிவேட்டை ஒதுக்கி வைத்தார்.

"மேஜையில கீல் மூடுதா இல்லையான்னு பாக்கணும். அது எனக்குத் தெரியும்" என்றாள் அவள். பேச ஆரம்பித்துவிட்டதால் மிச்சத்தையும் சொல்லிவிடுவதே சுலபமாக இருந்தது. "ஜன்னல்ல யார் இருந்தாலும் ஒண்ணு கேக்கலாம் சிஸ்டர். அவசரமான்னு கேக்காம, நோயாளி மேஜை மேல ஏறியாச்சான்னு கேக்கலாம். ஏறினவருக்கு முதல்ல. அந்த ஒரு கேள்வி எனக்குத் தோணியிருந்தா நேத்து அப்படி ஆகியிருக்காது. தோணல. அது என் தப்பு."

"நீ வீட்டுக்குப் போ. நான் மேல பேசணும். கூப்பிடறேன்."

கூப்பிடுவதாகச் சொன்னவர் உடனே கூப்பிடவில்லை. அவள் வீட்டில் இருந்தாள். அண்ணன், "தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டாளா?" என்று அம்மாவிடம் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அம்மா வேளாவேளைக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேச்சுக் கொடுக்காமல் போனாள். ஒருநாள் மட்டும் வாசற்படியில் நின்று, "உள்ளதைத்தானே சொன்னே" என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

பிறகு அழைப்பு வந்தது. மேஜைக்குத் திரும்பலாம். உயர்வு கிடையாது. அவள் கட்டும் ஒவ்வொரு ட்ரேயையும் இன்னொருவர் பிரித்துச் சரிபார்த்த பிறகுதான் இயந்திரத்துக்குப் போக வேண்டும். ஆறு மாதம் பார்ப்பார்கள். அப்புறம் என்ன என்பதை இன்சார்ஜ் சொல்லவில்லை. "என்னால இவ்வளவுதாம்மா முடிஞ்சது. சிலர் வேண்டவே வேண்டாம்னாங்க" என்றார். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. வார்த்தையை எடுத்துக்கொண்டாள்.

சரிபார்க்கும் வேலை எதிர் மேஜைக்காரியின் தலையில் விழுந்தது. புதுப்பெண் ஜன்னலுக்குப் போய்விட்டாள். வாயுள்ள பிள்ளை, அவளுக்கு அது கொண்டாட்டம்.

முதல் நாள் எதிர் மேஜைக்காரி கிட்டே வந்து குனிந்து, சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டாள். "சாப்... பிட்... டியா... கண்ணு?"

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

"ஐயையோ. சாரி சாரி." நாக்கைக் கடித்துக்கொண்டாள். சற்று நேரம் சும்மா இருந்தாள். அது அவளுக்குப் பெரிய காரியம். பிறகு, "ஏன்டி, நான் மியூட்டு மியூட்டுன்னு கூப்பிட்டேனே, உனக்குக் கஷ்டமா இருந்துச்சா?"

"ஆமா."

"சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னா நிறைய பேசணும்."

எதிர் மேஜைக்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினாள். "இப்ப நான் சிரிக்கலாமா?"

"சிரிங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது."

ஜன்னலில் புதுப்பெண் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். 'நோயாளி மேஜை மேல ஏறியாச்சா?' இன்சார்ஜ் அதைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். கொஞ்ச நாள் நன்றாகப் போயிற்று. அதற்குள் மேல்மாடிக்காரர்கள் சுதாரித்துக்கொண்டார்கள்.

"அக்கா!" என்று ஒருநாள் ஜன்னலிலிருந்து கத்தினாள் புதுப்பெண். "எல்லாருமே ஏறியாச்சுங்கறாங்க. காலையிலேர்ந்து பூட்டியே இருக்கற தியேட்டர்லகூட ஒருத்தர் ஏறிட்டாராம். என்ன பண்ணட்டும்?"

கூடம் குலுங்கியது. எதிர் மேஜைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவங்களைத் திருத்த முடியாதுடி. குரலைக் கேளு, குரல்லயே தெரியும்."

அவள் கையில் இருந்த கத்தரியை விளக்கின் கீழ் திருப்பினாள். புதுப்பெண்ணுக்குக் குரல் கேட்கத் தெரியும். பிழைத்துக்கொள்வாள்.

அன்று கட்டி முடித்த ட்ரே ஒன்றை எதிர் மேஜைக்காரி பிரிக்காமலேயே இயந்திரத்தின் பக்கம் தள்ளினாள்.

"நீங்க பாக்கல."

"நீ கட்டினதுதானே. என்ன பாக்கறது? எனக்கு என் வேலையே மலை மாதிரி கிடக்கு."

"பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. பாக்காம அனுப்பினது தெரிஞ்சா உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என்னைத்தான் சொல்வாங்க."

எதிர் மேஜைக்காரி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். ட்ரேயை இழுத்து, கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. ட்ரேயைத் தன் பக்கம் திரும்ப வாங்கி அவள் மறுபடி துணியை விரித்து, மூலை மடித்து, கட்டினாள். கட்டியதைப் பிரித்துப் பிரித்துக் கட்டுவதில் பொழுது இரண்டு மடங்கு போனது. அந்தக் கணக்கில் அவள் இன்னும் மெதுவானவளாகிவிட்டாள். அதையும் யாரோ மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வேலை முடிந்து உடை மாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அண்ணனின் அழைப்பு வந்தது. இத்தனை நாளாக முகம் கொடுத்துப் பேசாதவன்.

"எப்படிப் போகுது?"

"மேஜை இருக்கு. நான் கட்டறதை இன்னொருத்தர் பிரிக்கறாங்க."

"எப்போ வரைக்கும்?"

"ஆறு மாசம். அப்புறம் தெரியாது."

"சரி விடு. பரவாயில்லைன்னு நினைச்சுக்க."

அவள் அப்படி நினைத்துப் பார்த்தாள். பரவாயில்லையா என்று நிஜமாகவே யோசித்தாள். மறுமுனையில் அவன் காத்திருப்பது தெரிந்தது. ஆமா என்று சொன்னால் அவன் நிம்மதியாகச் சாப்பிடப் போவான்.

"தெரியலைண்ணா" என்றாள். "ரொம்பக் களைப்பா இருக்கு. இப்ப பேச முடியல. வெச்சுடறேன்."

வைத்துவிட்டு அங்கேயே இருட்டில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஷிப்டுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்து, அவளிடம் ஒன்றும் கேட்காமல், விளக்கைப் போட்டுக்கொண்டார்கள்.